முடிச்சூரில் வீடு கட்ட என்ஓசி வாங்கிய அனுபவம்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் எங்கள் ஹாலில் தண்ணீர் நின்ற உயரம் நாலடி ஏழு அங்குலம். வடிந்த பிறகு சுவரில் தங்கிய சேற்றுக் கோட்டை அம்மா துடைக்க விடவில்லை. "இருக்கட்டும்டா, பின்னாடி வேணும்" என்றார். ஆறு வருஷம் கழித்து, புது வீட்டுக்கு அந்தக் கோடுதான் அளவாக அமைந்தது.

அந்த வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைச் சொல்வார்கள். அதன் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், அதாவது ஆற்றின் போக்கில் எங்களுக்குக் கீழே. முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்திருந்தது. செம்பரம்பாக்கத்தைத் திறக்காவிட்டாலும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பழைய வீட்டைக் கட்டியபோது பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை, ரோட்டைவிட மூன்றடி உயரத்தில் இருந்தது. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டு, கடைசியில் மீந்தது ஒன்றரை அடி. பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் எங்கள் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது.

தெருவில் இரண்டு வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். நானும் விசாரித்தேன். வந்து பார்த்த இன்ஜினியர் தளத்துக் கம்பி துருப்பிடித்திருப்பதைக் காட்டி, "இதைத் தூக்குற செலவு வீண் சார்" என்றார். இடித்துக் கட்டுவது என்று முடிவானது.

பிளான் கொடுத்த மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தில் மனையின் பின்பக்கம் ஒரு வாய்க்கால் இருக்கிறது, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று (என்ஓசி) வாங்கி வரவும் என்று. நேரில் பார்த்தால் அங்கே வாய்க்கால் இருந்த அடையாளமே இல்லை, புதர்தான். ஆனால் வரைபடத்தில் இருக்கிறதே. பட்டா, பத்திரம், வரைபடம் எல்லாம் இணைத்து மனு கொடுத்தேன். ஒரு அலுவலகத்தில் ஃபைல் ஐந்து வாரம் எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எந்தக் காகிதம் கொடுத்தாலும் நகலில் சீல் போட்டு, பதிவு எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் காட்டிய பிறகுதான் ஃபைல் கிடைத்தது.

இடம் பார்க்க வந்த நீர்வளத் துறைப் பொறியாளர் என் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்டார்: "லெவல் எங்கேர்ந்து எடுத்தீங்க?" ரோட்டிலிருந்து என்றேன். "ரோடு மாறும் சார். கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டுக் கொண்டாங்க."

சர்வேயர் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியோடு வந்து, கடல் மட்ட உயரம் குறித்துவைத்திருக்கும் பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து படிப்படியாக லெவலைக் கொண்டுவர அரை நாள் ஆனது. கடைசியில் அவருடைய உதவியாளப் பையன் ஸ்டாஃப் என்கிற அளவுக் கம்பை இடிக்கப்போகும் ஹாலுக்குள் நிறுத்தினான். அம்மா போய்க் கோட்டின் மேல் விரல் வைத்துக் காட்டினார். ரோட்டிலிருந்து அந்தக் கோடு ஆறடி ஒரு அங்குலம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு பேஸ்மட்டத்துக்குக் கேட்கும் உயரம் சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. 2015-ல் எங்கள் வீடு அந்த உயரத்தில்தான் நின்றது.

ஒருவழியாகச் சான்று கிடைத்தது. அதில் போட்ட நிபந்தனைகள் நியாயமானவை. மனையைக் குறிப்பிட்ட மட்டம் வரை கிராவல் கொட்டி, அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும். வாய்க்காலை அளந்து கல் நட்டு, அதன் அகலத்தைத் தொடக் கூடாது. கழிவுநீரோ இடிபாடுகளோ அதில் விழக் கூடாது. மேஸ்திரி, "இன்னும் நாலடி கிராவல் அடிச்சிட்டா தண்ணியே ஏறாது சார்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் மனையை மேடாக்கினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குத்தான் போகும். அவர் வீடு இன்னும் பழைய மட்டத்தில்தான் இருக்கிறது.

அதனால் தூண்கள் மேல் வீடு, கீழே ஸ்டில்ட், அதாவது சுவரில்லாத திறந்த தளம். 2019-ம் ஆண்டு தமிழ்நாடு கட்டட விதிகளில் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்புக்கு ஏற்பக் கட்டக்கூடிய மொத்தப் பரப்பு) கணக்கில் சேராது, ஆகவே மேலே கட்டும் பரப்பு குறையவில்லை. ஆனால் அதைத் திறந்தேதான் வைக்க வேண்டும். "பின்னாடி ஒரு ரூம் மட்டும்" என்று சொன்னவர்கள் பலர். சுவர் வைத்தால் கட்டட அனுமதியை மீறியதாகும், தண்ணீர் போகும் வழியும் அடைபடும்.

மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் மாடிப்படித் திருப்பத்தில், வெள்ளக் கோட்டுக்கு மேலே. செப்டிக் டேங்க் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. 2015-ல் ஆற்றுத் தண்ணீர் வருவதற்கு முன்பே கழிவறைக் கோப்பை வழியாகக் கழிவு பொங்கி வந்ததை நான் மறக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். ஸ்டில்ட்டில் இரண்டடி தண்ணீர் நின்றது. அக்கா குடும்பத்தோடு எங்கள் மாடியில் இரண்டு இரவு இருந்தார். வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, கழிவும் பொங்கவில்லை. சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, மட்டும் கெட்டுப்போனது. அதன் கழுத்தை ஒன்றரை அடி போதும் என்று நான்தான் மேஸ்திரியிடம் சொன்னேன், ரோட்டிலிருந்து அளந்து. போன கோடையில் அதை உடைத்து, தூணில் அம்மா பெயிண்டில் போட்டுவைத்திருக்கும் கோட்டுக்கு மேலே ஏற்றிக் கட்டினோம்.