517-ஐ விழுங்கிய வரி

நான்கு நாள் வீணானதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. எழுதியவர் யாரென்று நிரலின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் பதிவைத் தோண்டினேன். என் பெயர்தான் இருந்தது.

எங்கள் போர்டில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. அதன் ரீசெட் கம்பி பிராசஸரில் நேராக இணையவில்லை; ஐ2சி என்ற இருகம்பி இணைப்பின் வழியில் இருக்கும் ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரில், அதாவது கூடுதல் பின்கள் தரும் சிப்பில், தொங்குகிறது. லினக்ஸ் 4.19-இல் இதை இயக்கும் நிரலான டிரைவர், தனியாக ஏற்றப்படும் மாட்யூலாக ஓடியவரை ஒரு குறையும் இல்லை. பூட் ஆனதும் சீக்கிரம் அளவு வர வேண்டும், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள் என்றார்கள். கன்ஃபிக் கோப்பில் 'எம்' என்பதை 'ஒய்' ஆக்கினேன். சென்சார் காணாமல் போயிற்று.

மாட்யூலாக இருந்தபோது எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு என் டிரைவர் நுழைந்தது. பூட்டின்போது கெர்னல் நிலை நிலையாக அழைக்கும் தொடக்கச் செயற்கூறுகள்தான் இனிட்கால்கள். உள்ளே சேர்த்ததும் டிரைவரின் மாட்யூல்_இனிட் என்பது டிவைஸ்_இனிட்கால் ஆகிவிடுகிறது, அதாவது 6ஆம் நிலை. ஒரே நிலைக்குள் யார் முன், யார் பின் என்பதை மேக்ஃபைலில் இணைப்பு நடக்கும் வரிசையே தீர்மானிக்கிறது. இதெல்லாம் தெரிந்ததுதான். ஆகவே சிக்கல் வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். பாதி சரி, பாதி தவறு.

ஒவ்வொரு இனிட்காலையும் பதிவில் காட்டும் இனிட்கால்_டீபக் என்ற கெர்னல் அளவுருவைக் கொடுத்து பூட் செய்தேன். பதிவின் தொடக்கப் பகுதியே இல்லை; இடம் போதாமல் பழைய வரிகள் அழிந்துவிட்டன. பதிவுக்கான இடத்தைக் கூட்டும் லாக்_பஃப்_லென்=4எம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், எனக்குப் போன அரை நாள் உங்களுக்காவது மிஞ்சும். அடுத்த பொறி இன்னும் மோசம்: என் டிரைவர் 0 திருப்பியதாகப் பதிவு சொன்னது. 0 என்றால் வெற்றி என்று நம்பி ஹார்டுவேர்காரரைத் தொந்தரவு செய்து, அவர் சாலிடரைக்கூடச் சரிபார்த்தார். அந்த 0 டிரைவர் பதிவானதற்கு மட்டும்தான். சாதனத்தை உண்மையில் தயார்செய்யும் செயற்கூறான புரோப் தோற்றாலும் அந்த எண் மாறாது.

போர்டு விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: "எங்கள் கெர்னலையே பயன்படுத்துங்கள்." அதைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையே பந்திக்கு முந்து என்பதைத் திருப்பிப் போட்டு, என் டிரைவரை 7ஆம் நிலைக்கு, லேட்_இனிட்காலுக்குத் தள்ளினேன். வேலை செய்தது! அன்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் 5.10-க்கு மாறினோம், அதன் கன்ஃபிக்கில் எக்ஸ்பாண்டர் மாட்யூலாகியிருந்தது. எல்லா இனிட்கால்களும் முடிந்து, ரூட் கோப்பு அமைப்பு ஏறிய பிறகுதான் அது வரும். 8ஆம் நிலை என்று ஒன்று இல்லையே.

அப்போதுதான் என் புரோப் செயற்கூற்றை வரிவரியாகப் படித்தேன். ரீசெட் பின்னைக் கேட்கும் இடத்தில் பிழை வந்தால், எந்தப் பிழையானாலும் 'ஈநோடெவ்' (-19) என்று திருப்பியிருந்தேன். கெர்னல் எனக்குக் கொடுத்தது -517, அதாவது ஈப்ரோப்_டிஃபர்: "எக்ஸ்பாண்டர் இன்னும் வரவில்லை, பிறகு வா." பழைய கெர்னலிலும் அதே கதைதான். எக்ஸ்பாண்டர் டிரைவர் 4ஆம் நிலையிலேயே பதிவாகிவிடும். ஆனால் அதற்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் வராததால் எக்ஸ்பாண்டரே காத்திருப்புப் பட்டியலில் நின்றது. நானும் -517-ஐ அப்படியே மேலே அனுப்பியிருந்தால் அந்தப் பட்டியலில் நின்றிருப்பேன். வேறொரு டிரைவர் வெற்றிகரமாகச் சேரும்போதெல்லாம் கெர்னல் மறுபடி முயன்றிருக்கும். 3.4-இலிருந்து, அதாவது 2012 முதல் இருக்கும் வசதி இது. நான் 517-ஐ 19 ஆக்கி, சாதனமே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

லேட்_இனிட்காலை எடுத்தேன். பிழை எண்ணை மாற்றாமல் டெவ்_எர்_புரோப் வழியாகத் திருப்பினேன். அது தள்ளிவைப்பை வீண் பிழையாகப் பதிவில் கொட்டாது, காரணத்தையும் குறித்துவைக்கும். கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டிஃபர்டு என்ற கோப்பைத் திறந்தால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். இனிட்கால் நிலைகளில் கைவைக்கும் முன் அதைப் பாருங்கள். எனக்கு இப்போது அது காலியாக இருக்கிறது.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. எக்ஸ்பாண்டர் மாட்யூலாகவே இருந்தால் சென்சாரும் ரூட் ஏறும்வரை காத்திருக்கும். சீக்கிரம் அளவு வராது. அதையும் 'ஒய்' ஆக்கிவிட்டேன்.