தொடையில் ராடு, சம்மரியில் ஒரு தப்பு வார்த்தை

விழுந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக், காலையில் பைக் பயிற்சி, டயர் இன்னும் சூடேறவில்லை. வலது வளைவை முடிக்குமுன்பே அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகினேன். பின் சக்கரம் வழுக்கி, சட்டென்று பிடித்துக்கொண்டு, என்னைத் தூக்கி இடது பக்கமாக வீசியது. ரேஸ்காரர்கள் இதை ஹைசைடு என்பார்கள். தப்பு முழுக்க என்னுடையது. இடது தொடை எலும்பும் இடது காறை எலும்பும் போச்சு. தொடைக்குள் ராடு, தோளில் பிளேட். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை.

கேஷுவல்டியில் டூட்டி டாக்டர் “எப்படி ஆச்சு?” என்றார். கூட வந்த நண்பன் “பைக்லேர்ந்து விழுந்துட்டான் சார்” என்றான். அவர் வழக்கம்போல ஆர்.டி.ஏ., அதாவது சாலை விபத்து, என்று எழுதிவிட்டார். நானோ, கடன் வாங்கி வாங்கிய லெதர் சூட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று எழுத்து அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்விட்டது. நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் கேஷ்லெஸ் கிடைக்கவில்லை, நீங்கள் கட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள் என்றார்கள். வீட்டு நகை அடகுக்குப் போனது. மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம்: சாலை விபத்து என்பதால் எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். அண்ணன் காரின் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தபடி ஸ்டேஷனுக்குப் போனேன். ஒவ்வொரு வேகத்தடையும் ராடில் தெரிந்தது. காருக்கே வந்து விசாரித்த ரைட்டர் நல்ல மனிதர்தான். “ரோட்லயே நடக்கலையே தம்பி, உங்களை நீங்களே இடிச்சுக்கிட்டதுக்கு யார் மேல கேஸ் போடறது?” என்றார். பதில் இல்லை. திரும்பி வந்தோம்.

அடுத்து, சம்மரியைத் திருத்த ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை. முதல் நாள் டாக்டர் லீவு. இரண்டாம் நாள் ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தவர் “டிஸ்சார்ஜ் ஆனப்புறம் எதையும் மாத்த மாட்டோம்” என்றார். மூன்றாம் நாள் அண்ணன் போய், பழைய தாளை மாற்ற வேண்டாம், ரேஸ் ட்ராக்கில் பயிற்சியின்போது விழுந்தது என்று தனியாக ஒரு சான்று கொடுங்கள் என்று கேட்டதும் பத்து நிமிடத்தில் கிடைத்தது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அந்தச் சான்றோடு உண்மையைச் சொன்னதும் கம்பெனியிலிருந்து உடனே நிராகரிப்பு: சாகச விளையாட்டுக்குப் பணம் தர முடியாதாம்.

இங்கேதான் பாலிசியை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில், அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பட்டியலில், 09 என்று ஒன்று வரும். சாகச விளையாட்டுகள் பற்றியது, மோட்டார் ரேஸிங்கும் அதில் உண்டு. ஆனால் அது ‘தொழில்முறையாக’ பங்கேற்பவர்களுக்கு மட்டும். நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். ரேஸில் ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை, கொடுத்ததுதான் அதிகம். சம்பளச் சீட்டும், நானே நுழைவுக் கட்டணம் கட்டிய ரசீதுகளும் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன் என்றும் ஒரு வரி. அங்கே புகார் தரக் கட்டணம் கிடையாது. இருபத்தாறாம் நாள் க்ளெய்ம் பாஸ் ஆனது. நீங்கள் தனிநபர் விபத்து பாலிசி வைத்திருந்தால் அதன் வாசகம் வேறாக இருக்கலாம், விழுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் கால். காறை எலும்பும் உடைந்திருந்தால் வாக்கரில் பாரம் போட முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. முதல் சில வாரம் கட்டில், சக்கர நாற்காலி, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. உறவினர் ஒருவர் வந்தபோதெல்லாம் “புத்தூர் கட்டு போட்டிருந்தா இவ்வளவு செலவே இல்லை” என்றார். அம்மா தினமும் ஆட்டுக்கால் சூப். ரத்தப் பரிசோதனையில் குறைந்திருந்தது வைட்டமின் டி, அதற்கு மாத்திரைதான். சிகரெட்டை விடச் சொன்னார் டாக்டர், எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமாம். விட்டேன், அது தனிக் கதை.

வீட்டுக்கு வந்த முதல் பிசியோ முட்டியில் ஒத்தடம் வைத்துவிட்டு போனைப் பார்ப்பார். ஐந்தாம் வாரத்திலும் முட்டி 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. ஆளை மாற்றினேன். புதியவர் பலகையில் பவுடர் தூவி, குதிகாலை இழு, துண்டால் பிடித்து மடக்கு என்று உயிரை எடுத்தார். ‘பாதி பாரம் ஊன்று’ என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அவர் எடை பார்க்கும் மெஷினை வாங்கி வைத்து, 20 கிலோ, 30 கிலோ என்று காலால் அழுத்திப் பழக்கினார். அந்த ஒரு யோசனைக்காகவே அவருக்குக் கும்பிடு.

ரேஸ் பைக்கில் கால் வைக்கும் ஃபுட்பெக் பின்னால் உயரத்தில் இருக்கும், கியரும் இடது காலில். முட்டி 90 டிகிரி மடங்கினால் நாற்காலியில் உட்காரலாம், பைக்கில் முடியாது. ஐந்தாம் மாதம் 120 வந்தது. ஷெட்டில் ஸ்டாண்டில் நின்ற பைக்கின் மேல் ஏறி, கியரை மேலே கீழே போட்டுப் பார்த்தேன். இஞ்சினைக் கிளப்பவில்லை, அம்மா வாசலில் நின்றிருந்தார்.

க்ளெய்ம் பணத்தில் கையுறை, சிரிஞ்ச், முகக்கவசம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். லெதர் சூட் அண்ணா நகரில் தோல் தைக்கும் ஒருவரிடம் இருக்கிறது. “இவ்வளவு நேரா யார் சார் வெட்டினது?” என்று கேட்டார்.