கடந்துச்சா?

ஜூலை 8
கென்யா போவதற்காகக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. எனக்கு மட்டும். அறுபது தாண்டியவள் என்று டாக்டர் ஏகப்பட்ட கேள்வி கேட்டு, அப்புறம் சம்மதித்தார். என் வீட்டுக்காரருடைய மருந்துச் சீட்டைப் பார்த்ததும், “இந்த மாத்திரை சாப்பிடுற வரைக்கும் இந்த ஊசி கூடாது சார்” என்று முடித்துவிட்டார். மூட்டுக்குத் தரும் மாத்திரை எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. ஊசியில் இருப்பதோ வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. முப்பது வருஷம் விலங்கியல் நடத்திய எனக்கு இது முன்னாடியே தோன்றியிருக்க வேண்டாமா? திண்டிவனம் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

ஜூலை 9
“நீ போய்ட்டு வா” என்கிறார்.

ஜூலை 11
டூர் பணத்தில் அவர் பங்கில் பாதிதான் திரும்ப வருமாம். “கண்டிஷன்ல போட்டிருக்கு மேடம்.” போட்டிருக்கிறது, எறும்பு சைஸ் எழுத்தில்.

ஜூலை 30
மசாய் மாரா சரணாலயத்துக்குக் குட்டி விமானம். சாமான் 15 கிலோதான், அதுவும் துணிப் பையாக இருக்க வேண்டும். கென்யாவில் 2017-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. பண்ருட்டி முந்திரியை நம்ம மஞ்சப்பைக்கு மாற்றினேன். தனக்கென்று வாங்கிய பைனாகுலரை அவர் என் பையில் வைக்கிறார். நான் எடுத்து வெளியே வைக்கிறேன். திரும்ப வைக்கிறார். 15.4.

ஆகஸ்ட் 3, நைரோபி
ஆகஸ்ட் மாதத்தில் ஸ்வெட்டர். ஊசி போட்டதற்கான மஞ்சள் கார்டு பத்திரமா என்று இதுவரை மூன்று தடவை போன். அது இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் தனியே வைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான், அதனால் கோபப்படவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 4, மசாய் மாரா
வந்த ஒரு மணி நேரத்தில் சிங்கம். குட்டிகளோடு, புதருக்கடியில், நம்ம தெரு நாய் மாதிரி மல்லாந்து தூங்குகிறது. நுழைவுக் கட்டணம் மட்டும் ஒரு நாளைக்கு 200 டாலர். ஜூன் வரை 100-தானாம். இத்தனை பணமும் இந்தச் சிங்கத்தின் வயிற்றைப் பார்க்கத்தானா என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது.

வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அவசரம் என்றால் டிரைவரிடம் “டயர்ல காத்து பாக்கணும்” என்று சொல்ல வேண்டும். அதுதான் இங்கே சங்கேதம். ஆண்களுக்கு நல்ல சங்கேதம். நான் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 5
ஆறு. மாரா நதிக்கரையில் காலை ஏழரைக்கு வந்து நின்றோம். எதிர்க்கரை முழுக்க வைல்டுபீஸ்ட், மாடு மாதிரி இருக்கும் மான் இனம். அவை ஆற்றைக் கடப்பதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மழையையும் புல்லையும் தேடி வருஷம் முழுக்கச் சுற்றி வரும் கூட்டம், சுமார் 13 லட்சம். போர்டில் அம்புக்குறி போட்டு எத்தனை தடவை வரைந்திருப்பேன். அம்புக்குறியில் புழுதி கிடையாது. அந்த முனகலும் கிடையாது.

பத்து மணிக்கு ஒரு வரிக்குதிரை இறங்கியது. தண்ணீர் குடித்தது. பின்னால் நூறு, இருநூறு மாடுகள் சரிவில் நெருக்கின. கீழே மணல்திட்டு மாதிரி ஒரு முதலை. பைனாகுலரில் மாட்டின் மூக்கு ஈரம்கூடத் தெரிந்தது. நான் மூச்சே விடவில்லை. அந்த நேரம் பார்த்து நல்ல போட்டோ வேண்டுமென்று ஒரு வண்டி கரை விளிம்புக்கே போனது. மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிட்டது. எண்ணினேன், 43 வண்டிகள். அத்தனையும் என்னைப் போல் காசு கட்டி வந்தவர்கள். எங்கள் டிரைவர் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி போன். இங்கே எட்டு என்றால் அங்கே பத்தரை. மாத்திரை போட்டுவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.
“கடந்துச்சா?”
“இல்லீங்க.”

ஆகஸ்ட் 6
மறுபடி ஆறு. ஐந்து மணி நேரம். பெரிய லென்ஸ்காரர் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. கடக்கவில்லை.

ஆகஸ்ட் 7
வயிறு. காலையிலிருந்து கூடாரத்திலேயே. தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குத் தண்டனை என்று நினைக்கிறேன். மூன்று மணிக்கு எல்லோரும் கூச்சலோடு திரும்பினார்கள். இருபது நிமிஷம் கடந்ததாம். லென்ஸ்காரர் கண்ணில் தண்ணீர். எனக்கு ஒரு டம்ளர் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தார், நல்ல மனுஷன்.

“கடந்துச்சா?”
“கடந்துச்சுங்க.”

நான் சொன்னதில் பொய் இல்லை. நீ பார்த்தியா என்று அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, கடலூர்
சென்னை விமான நிலையத்தில் மஞ்சள் கார்டை அரை நிமிஷம் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12
சில்வர் பீச்சில் நடக்கும்போது அவருடைய சிநேகிதர்களிடம் அவரே சொல்கிறார். புழுதி, முதலை, குதிப்பு, எல்லாம். நான் சொல்லாததும் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 13
போட்டோ கேட்கிறார். சிங்கத்தைக் காட்டினேன்.

ஆகஸ்ட் 16
கெடிலம் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். “அந்த ஆறு இவ்ளோ அகலம் இருக்குமா?”
இதைவிடக் குறைவு என்றேன். அது எனக்குத் தெரியும்.
“முதல்ல எது இறங்கிச்சு? வரிக்குதிரையா?”