ஏரிச் சேற்றில் ஒளிந்திருக்கும் எரிமலைகள்

ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேற்று உருளையை நெடுக்காகப் பிளந்தால், பழுப்பும் கறுப்புமான மெல்லிய வரிகளுக்கு நடுவே திடீரென்று ஒரு வெளிர்நிறக் கோடு தெரியும். சுற்றியுள்ள சேறு விரலில் வழுக்கும், இது மட்டும் நறநறக்கும். எரிமலை கக்கிய சாம்பல், அதாவது கண்ணாடித் துகள்!

ஜப்பானின் சுய்கெத்சு ஏரியில் ஆண்டுக்கு ஒரு வரியாகச் சேறு படிந்திருக்கிறது, மர வளையம் மாதிரி எண்ணலாம். சுமார் 7,300 ஆண்டுகளுக்கு முன் வெடித்த கிகாய் எரிமலையின் சாம்பலும் அதில் உண்டு.

ஆனால் என்னை உலுக்குவது கண்ணுக்கே தெரியாத சாம்பல்தான். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தது. அதன் துகள்கள் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் தாண்டி ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் கிடைத்தன. சேற்றைச் சலித்து, அடர்த்தியான திரவத்தில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அப்புறம் எலக்ட்ரான் கற்றையால் சிலிக்கா, இரும்பு, பொட்டாசியம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால், கைரேகை போல எந்த எரிமலை என்று தெரிந்துவிடும். என்ன பொறுமை! அந்த அடுக்கை ஒட்டிய சேற்றில் கடுங்குளிர் வந்ததற்கான தடயம் இல்லை என்று ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். தோபா கடுங்குளிரைக் கொண்டுவந்து மனித இனத்தையே அழிக்கப் பார்த்தது என்ற கதைக்கு அது பெரிய அடி.

சரி, அடுக்கு தடிமனாக இருந்தால் வெடிப்பும் பெரிதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. காற்று எந்தப் பக்கம் வீசியது, கரையில் விழுந்த சாம்பலை மழை எவ்வளவு அடித்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.