புது ஆத்துக் கரையில குதிரைக்கு நாடி பார்த்த கதை

தை மாசக் கடைசியில தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு பக்கம் ஒரு எண்டியூரன்ஸ் ரைடுக்கு வாலண்டியரா போயிருந்தேன். எண்டியூரன்ஸ்னா குதிரையில நெடுந்தூரம் ஓட்டுறது. கலிஃபோர்னியாவுல டெவிஸ் கப்னு ஒண்ணு 1955-லேர்ந்து நடக்குது, மலைப்பாதையில 160 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். நாங்க பண்ணினது அந்த அளவுக்கெல்லாம் இல்லங்க, புது ஆத்துக் கரையோட 20 கிலோமீட்டர் சுத்து ரெண்டு, அவ்ளோதான்.

புது ஆறுன்னா கல்லணைக் கால்வாய், மேட்டூர் டேம் கட்டின காலத்துல வெட்டினது. வழக்கமா ஜனவரி 28-க்கு மேட்டூர்ல தண்ணிய நிறுத்திடுவாங்க, அதனால கரை காஞ்சு கெட்டியா இருக்கும், வெயிலும் அவ்ளோ ஏறியிருக்காது, அதான் அந்த நேரம் பார்த்து வச்சிருந்தாங்க. ஆனா அதே நேரம்தான் சம்பா அறுவடை. ரோட்டுல பாதிக்கு நெல்லைக் கொட்டி காயப்போட்டிருக்காங்க, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்பின நெல்லு, அது மேல குதிரைய ஓட்டினா சும்மா விடுவாங்களா. சரி வயல்ல இறக்கி ஓட்டலாம்னா அங்கயும் முடியாது, அறுக்குறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்சிடுவாங்கல்ல, வெளியூர் ரைடருக்கு அது வெறும் தாள் நிக்கிற வயலாத்தான் தெரியும், குனிஞ்சு பார்த்தாத்தான் ரெண்டு இலை விட்டு உளுந்து நிக்கிறது தெரியும். பாதி வாலண்டியர்களுக்கு அன்னைக்கு வேலையே சிவப்பு ரிப்பன் கட்டிட்டு, "சார் கரையிலயே போங்க, கீழ உளுந்து இருக்கு"ன்னு கத்துறதுதான்.

என்னை வெட் கேட்ல போட்டிருந்தாங்க, டாக்டர் செக் பண்ற இடம். இந்த விளையாட்டோட உயிரே அங்கதான் இருக்குன்னு சொல்வேன். சுத்து முடிச்சு குதிரை உள்ள வந்ததும் அதோட இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்கு இறங்கணும், சும்மா நிக்கிற குதிரைக்கு 28-லேர்ந்து 44 வரைக்கும் இருக்கும். இறங்குற வரைக்கும் கடிகாரம் ஓடிட்டே இருக்கும், குடுத்த நிமிஷத்துக்குள்ள இறங்கலன்னா அன்னைக்கு அந்தக் குதிரைக்கு ஆட்டம் முடிஞ்சுது. இடது முன்னங்கால் நெஞ்சோட சேர்ற இடத்துல, முழங்கைக்குப் பின்னாடி ஸ்டெத் வச்சு 15 செகண்டு எண்ணி நாலால பெருக்கணும். மொதல்ல ஒண்ணுமே கேக்காது, ஈ விரட்ட அது தோலைச் சிலுப்புற சத்தம்தான், அப்புறம் காது பழகினதும் லப்-டப் தெளிவா வருது.

டாக்டர் பாக்குறது அதுக்கு மேல. ஈறை விரலால அமுக்கி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள வெளுப்பு போயி நிறம் திரும்பணும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே படியணும், இல்லன்னா உடம்புல தண்ணி கொறைஞ்சிருக்கு. வயித்துல ரெண்டு பக்கமும் ஸ்டெத் வச்சு குடல் சத்தம் கேக்குதான்னு பாப்பாரு. மனுசனுக்கு வயிறு கடமுடன்னா வெக்கப்படுவோம், குதிரைக்கு அந்தச் சத்தம் நின்னாத்தான் பயப்படணும். கடைசியா கயித்தப் பிடிச்சுட்டு ட்ராட்ல, அதாவது மெதுவான ஓட்டத்துல, ஓட்டிக் காட்டணும், முன்னங்கால்ல வலி இருந்தா அந்தக் கால் தரையில படுறப்ப தலை மேல தூக்கும்.

பக்கத்துல ரேக்ளாவுல பழைய கை ஒருத்தரு, கரிச்சான்னு சொல்ற சின்ன ரகக் குதிரை வச்சு ஓட்டினவராம், துண்டை உதறி தோள்ல போட்டுட்டு வேடிக்கை பாத்துட்டு இருந்தாரு. மொத சுத்துல ஒரு செவலைக் குதிரை மத்ததை விட நாலு நிமிஷம் முன்னாடி பறந்து வந்துச்சு, ஊரே விசிலடிக்குது. எண்ணினா 88. தண்ணி ஊத்துறாங்க, வழிக்கிறாங்க, திரும்ப ஊத்துறாங்க, 76, அப்புறம் 72-லயே நிக்குது. ரெண்டாவதா ஒரு மார்வாரி ரகப் பெட்டைக் குதிரை, காது ரெண்டும் உள்ள வளைஞ்சு நுனி தொட்டுக்கிட்டு, அதை ஓட்டின பொண்ணு கடைசி அரை கிலோமீட்டர் இறங்கி சேணத்து வார்பட்டையைத் தளர்த்தி நடத்தியே கூட்டிட்டு வந்துச்சு. வந்து ரெண்டு வாளி தண்ணி ஊத்துறதுக்குள்ள 60. செவலை இன்னும் வெளியில நிக்குது, இது உள்ள போயாச்சு.

"என்னா தம்பி இது, மொத வந்தவன் வெளில நிக்கிறான், நடந்து வந்த பொண்ணு உள்ள போவுது?"

விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அடுத்து வந்த ரைடரைப் பாத்து அவரே ஆரம்பிச்சிட்டாரு, "தம்பி, இறங்குங்க மொதல்ல, இறங்கி நடத்துங்க, கழுத்துலயும் தொடை உள்பக்கமும் ஊத்துங்க, அங்கதான் ரத்த நரம்பு ஓடுது." சரியாத்தான் சொன்னாரு. மத்தியானம் வரைக்கும் அவருதான் எங்க டீமுக்கே ஹெட்டு, பம்புசெட்டுலேர்ந்து அன்னக்கூடையில தண்ணி தூக்குற பசங்களை ஒரு நிமிஷம் உக்கார விடல.

செவலை ஒருவழியா 64-க்கு வந்து ரெண்டாவது சுத்துக்குப் போச்சு, ஆனா முடிக்கல, பின்னங்கால் பிடிச்சிருச்சுன்னு ரைடரே நிறுத்திட்டாரு. பாராட்டணும் அந்த ஆளை. மார்வாரிதான் முதல்.

எனக்கு ஒரே குறை சாப்பாடு. காலையில நாலரைக்கு ஒரு பொங்கல், அதோட மூணு மணிக்குத்தான் பொட்டலம், குதிரைங்களுக்கு மட்டும் சுத்துக்கு சுத்து ஊறின தீவனம், உப்புக் கரைசல், ராஜ மரியாதை. குதிரை வேர்வையில உப்பு நம்மளை விட ஜாஸ்தி போவுது, அது சரிதான், ஆனா நாங்களும்தானே வேர்த்தோம்.

மறுநாள் அப்படியே கோடியக்கரைக்கு பஸ் ஏறினேன். அங்க சரணாலயத்துல யாரும் வளக்காத குதிரைங்க கூட்டமா மேயுது, குட்டையா, வயிறு உப்பி. தூரத்துலேர்ந்துதான் பாக்கணும்.

வாலண்டியரா போறவங்க ஷூ போடுங்க, செருப்பு வேண்டாம், குதிரைக்குப் பின்னாடி நிக்காதீங்க, பழைய காட்டன் பேன்டா பார்த்து எடுத்துட்டுப் போங்க, துவைக்கிறப்ப வாளி பூரா முடிதான்.