இரண்டு சங்கம், ஒரு ஓட்டு

போன தேர்தலில் எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவுக்கு நின்றேன். அடுத்த தடவை நிற்கலாமா என்று இப்போது ஜூனியர் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து கதை சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் குடியாத்தத்தில் தொடங்கியவள். வழக்கறிஞராக என்ரோல் ஆன, அதாவது பதிவான கையோடு அங்கே ஒரு சிவில் சீனியரிடம் சேர்ந்து ஏழு வருடம் கேஸ் கட்டு தூக்கினேன். கல்யாணமாகி வேலூருக்கு வந்த பிறகு சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில்தான் பிராக்டிஸ். சங்க அரசியலில் ஆர்வம் இருந்ததில்லை. தேர்தல் அன்றைக்கு ஓட்டுப் போடுவேன், யாராவது பிரியாணி போட்டால் சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

நிற்கத் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களோடு கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் நாற்பது வயதுகூட ஆகாமல் மாரடைப்பில் போய்விட்டார். இறந்த வழக்கறிஞரின் குடும்பத்துக்குப் பணம் தரும் சேமநல நிதிக்கு எழுதலாம் என்று அவர் மனைவியோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, மனிதர் நிதியில் உறுப்பினராகவே சேரவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு வக்காலத்திலும் சேமநல முத்திரை ஒட்டியிருக்கிறார். முத்திரை ஒட்டினாலே உறுப்பினர் ஆகிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அப்படி இல்லை. 1987-ல் வந்த தமிழ்நாடு வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டப்படி தனியாக விண்ணப்பம் போட்டுச் சேர வேண்டும், நாமினி பெயர் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து என் பீரோவைக் குடைந்து பார்த்தேன். நானும் சேரவில்லை. ஊரார் சொத்துக்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், நம் காகிதம் இந்த லட்சணம். சங்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்கும் இந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினால் என்ன என்று கேட்டேன். "நீயே நின்னு பண்ணும்மா" என்றார்கள். சரி என்றேன்.

வீட்டில் சொன்னதும் மாமியார், "பார் கவுன்சிலுக்கா?" என்றார். நம் ஆட்களிலேயே பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. பார் கவுன்சில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்று. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் வருவது. என்ரோல் செய்வதும் அவர்கள்தான், நாம் தவறு செய்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அவர்கள்தான். பட்டியலில் பத்தாயிரம் வழக்கறிஞர்களுக்கு மேல் இருக்கும் மாநிலத்தில் 25 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பதவிக்காலம் 5 வருடம். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். உள்ளூர்ச் சங்கம் வேறு சமாச்சாரம். நாமே கூடி வைத்துக்கொண்டது. எங்களுடையது சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அதற்கென்று ஒரு பைலா, அதாவது விதிப் புத்தகம். இங்கே விருப்ப வரிசை கிடையாது, பெருக்கல் குறிதான். இந்த வித்தியாசம் எனக்கு மூன்று ஓட்டைத் தின்றது, அது பிறகு.

நிற்பதாக முடிவு செய்தால் முதலில் பைலாவைக் கையில் வாங்குங்கள். கேட்டால் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. நான் நான்கு பேரிடம் கேட்டதில், செயற்குழுவுக்கு எத்தனை வருட அனுபவம் வேண்டும் என்பதற்கு மூன்று, ஐந்து, ஏழு என்று மூன்று பதில் கிடைத்தது. கடைசியில் ஒரு பழைய சீனியரின் குமாஸ்தாதான் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த ஒரு பிரதியைத் தேடிக் கொடுத்தார். ஐந்து வருடம். முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் சந்தா பாக்கி இல்லாத வாக்காளராக இருக்க வேண்டும் என்று அதே பக்கத்தின் அடியில், பாதி அழிந்து கிடந்தது.

அடுத்து வரைவு வாக்காளர் பட்டியல். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அன்றே போய்ப் பார்த்தேன். என் பெயர் இல்லை. இரண்டாம் தடவை விரல் வைத்து வரிவரியாக வந்தபோது என் பெயரில் ஒருத்தி இருந்தாள், ஆனால் வேறு இனிஷியல். என்ரோல்மெண்ட் சான்றிதழில் அப்பாவின் 'ஜி'. சந்தா கட்டும்போதெல்லாம் பழக்கதோஷத்தில் கணவரின் 'எம்' போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சங்கத்துக் குமாஸ்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னா மேடம், ஜி அம்மா எட்டு வருஷமா சந்தாவே கட்டல. எம் அம்மா கரெக்டா கட்டிக்கினு வராங்க. நீங்க யாரு?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறுகிற தொல்லை ஆண் வழக்கறிஞர்களுக்குக் கிடையாது, அதனால் இதற்கென்று யாரும் ஒரு வழி வைத்திருக்கவும் இல்லை. என்ரோல்மெண்ட் சான்றிதழ் நகல், ஆதார், இருவரும் ஒருவரே என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம். அதைத் தட்டச்சு செய்து நோட்டரியிடம் முத்திரை வாங்கும்போது நானே என் கட்சிக்காரியாகிவிட்ட மாதிரி இருந்தது. கால அவகாசத்துக்குள் ஆட்சேபணை கொடுத்ததால் இறுதிப் பட்டியலில் 'ஜி'யோடு வந்தேன். பட்டியல் ஒட்டி இரண்டு நாள் கழித்து மெதுவாகப் போய்ப் பார்க்கிற ஆள் என்றால் அதோடு கதை முடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் பெரியது, வேறு எந்தச் சங்கத்திலும் எனக்கு ஓட்டு இல்லை என்று வேட்பாளர் எழுதித் தரும் உறுதிமொழிப் படிவம். 2011-ல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத் தேர்தல் சம்பந்தமான வழக்கில் வந்த தீர்ப்பின்படி 'ஒரு பார், ஒரு ஓட்டு'. பல சங்கங்களில் உறுப்பினராக இருக்கலாம், ஆனால் ஓட்டு ஓரிடத்தில்தான். தேர்தல் வந்தால் மட்டும் வேனில் வந்து இறங்கி, முகம் தெரியாத ஆள்களெல்லாம் முடிவைத் தீர்மானிப்பதை நிறுத்துவதற்காக வந்தது. நியாயமானதுதான். ஆனால் நான் வேலூர் வந்த பிறகும் குடியாத்தத்தில் சந்தாவை விடாமல் கட்டிக்கொண்டிருந்தேன். எப்போதாவது ஒரு கேஸுக்குப் போவேன், சீனியரைப் பார்ப்பேன், அங்கே தேர்தல் நடந்தால் அவர் சொல்லும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை எடுக்காமல் வைத்திருப்பது போல.

சீனியருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீ குடியாத்தத்துக்காரி, வேலூர்ல உன்ன யாரு ஜெயிக்க வைப்பாங்க?" என்றார். எனக்கும் அதே பயம்தான். அவரே தொடர்ந்தார்: "காமராஜரு முதல்வரா வந்தப்ப தொகுதி இல்லாம இங்க வந்து நின்னாரு. 1954-ல வெளியூர்க்காரர ஜெயிக்க வெச்ச ஊருடா இது. வேலூர்க்காரனுக்கு அந்தப் பெருந்தன்மை இருக்கான்னு பாப்போம். பேர எடுத்துக்க." என்னை எப்போதும் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

குடியாத்தம் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும், உறுப்பினராக மட்டும் தொடர்கிறேன். அந்தப் பக்கம் போகிற ஒரு தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். ஒப்புகை வாங்கவில்லை. கட்சிக்காரர்களிடம் "அக்னாலெட்ஜ்மெண்ட் எங்கே?" என்று நாள் முழுக்க எரிந்து விழுகிற நான்தான்.

வேட்புமனு சாதாரணமாகவே போனது. கட்டணம் கட்டி, ரசீதை இணைத்து, இரண்டு பேர் கையெழுத்து. முன்மொழிய ஒப்புக்கொண்டிருந்த வேலூர் சீனியருக்கே ஒன்றரை வருடச் சந்தா பாக்கி என்பதை மட்டும் நல்லவேளையாக முந்தின நாள் பார்த்துவிட்டேன். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? "சார், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்து, மழை, வெயில், பேரனுடைய ஸ்கூல் எல்லாம் பேசி முடித்து, அப்புறம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. குமாஸ்தாவைக் கூப்பிட்டு அங்கேயே கட்டினார்.

பரிசீலனை அன்று ஆட்சேபணை வந்தது. 'இந்த வேட்பாளர் வேறொரு சங்கத்தில் வாக்காளர், உறுதிமொழி பொய்.' கூடவே குடியாத்தம் பட்டியலின் முந்தைய வருட நகல், என் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. கொடுத்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், வாரத்தில் நான்கு நாள் ஒரே டீக்கடையில் நிற்போம். தேர்தல் அதிகாரியாக இருந்த மூத்த வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீக்கிட்டதா ரெக்கார்டு இருக்காம்மா?" என்றார். இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லை என்று சொன்னால் மனு தள்ளுபடி. அவகாசம் கேட்டேன். மறுநாள் காலை 11 மணி என்று வாய்தா போட்டார். வாழ்க்கையில் எத்தனையோ வாய்தா வாங்கியிருக்கிறேன், இவ்வளவு மனமுருகி வாங்கியதில்லை.

பள்ளிகொண்டா வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நல்ல வெயில். பாலாறு வழக்கம்போல மணலாகக் கிடந்தது. குடியாத்தம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. சங்கச் செயலாளர் முன்சீப் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் நிற்கிறார். பாகப்பிரிவினை வழக்கு, கூண்டில் ஒரு பாட்டி. கிணறு யார் பங்கில் வருகிறது என்று அவர் கேட்க, பாட்டி கிணறு வெட்டிய கதையை அந்த வருஷத்து மழையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்து நானும் கேட்டேன். கையில் கடிதத்தின் நகல் வியர்வையில் நனைந்து மை பரவிவிட்டது. நாலரைக்குப் பாட்டி இறங்கினார். செயலாளர் வெளியே வந்து, நான் பாதி சொல்வதற்குள், "உன் லெட்டர் வந்துச்சேம்மா, மினிட்ஸ்ல ஏத்தியாச்சே" என்றார். நோட்டைத் திறந்து காட்டினார். தேதி, தீர்மான எண், என் பெயர், இனிஷியல் 'ஜி'. அந்தப் பக்கத்தை நகலெடுத்து முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு கீழே வந்தால் சீனியர் படிக்கட்டில் நிற்கிறார். பேசவில்லை. ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

மறுநாள் மனு ஏற்கப்பட்டது.

ஓட்டுக் கேட்டதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலை பத்து மணியிலிருந்து கோர்ட் உட்காரும் வரை வராந்தா, மதிய இடைவேளையில் கேன்டீன், சாயங்காலம் சீனியர்களின் ஆபீஸ். எந்த அணி என்று கேட்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள், அதற்குள் வேறொன்றையும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். 2024-ல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கச் செயற்குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று உத்தரவு வந்ததை ஒருவரிடம் சொன்னேன். "அதெல்லாம் டெல்லிக்கும்மா" என்று சொல்லிவிட்டு எனக்கே ஓட்டும் போட்டார். நான் காலண்டரோ டைரியோ கொடுக்கவில்லை. சேமநல நிதி விண்ணப்பப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து, பின்பக்கம் என் வரிசை எண்ணை எழுதிக் கொடுத்தேன். விருந்து வைப்பவர்களோடு போட்டி போட நம்மால் ஆகாது. ஆம்பூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் அது வேறு கௌரவப் பிரச்சினை.

வாக்குப்பதிவு முடிந்து ஐந்தரைக்கு எண்ண ஆரம்பித்தார்கள். தலைவருக்கு ஒரு நிறச் சீட்டு, செயலாளருக்கு ஒன்று. செயற்குழு கடைசியில்தான் வரும். ஒன்பது இடம், பதினேழு பேர். ஒரு சீட்டில் ஒன்பது குறிக்கு மேல் போனால் செல்லாது. இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார் தேர்தல் அதிகாரி. என் பெயருக்கு எதிரே அழகாக '1' என்று எழுதி, மற்றவர்களுக்கு 2, 3, 4 என்று ஒன்பது வரை போயிருந்தது. பார் கவுன்சில் தேர்தல் ஞாபகத்தில் யாரோ முதல் விருப்பம் தந்திருக்கிறார். செல்லாது. அப்படி மூன்று சீட்டு. மூன்றிலும் நான்தான் '1'. நம்மை உண்மையாகவே விரும்பிய மூன்று பேர் என்று தேற்றிக்கொண்டேன்.

பதினொன்றே காலுக்கு முடிவு. எட்டாவதாக வந்தேன். பத்தாவதாக வந்தவருக்கும் எனக்கும் ஆறு ஓட்டு வித்தியாசம். சீனியருக்குப் போன் செய்தபோது தூங்கியிருந்தார் போல. "பரவாயில்லடா வேலூர்க்காரன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் திங்கள்கிழமைகளில் மதிய இடைவேளையில் சங்க அறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். ஆட்சேபணை கொடுத்தவரும் வந்தார். அவருடைய படிவத்தில் நாமினி பெயர் எழுதும் இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவா, வீட்டம்மாவா, எதைப் போட்டா சண்டை வராது?" என்று கேட்டார். டீக்கடையில் பேசுகிற மாதிரியே பேசினோம், சிவப்பு மை பற்றி இருவரும் எடுக்கவில்லை. முதல் தவணையில் 31 விண்ணப்பங்களைச் சென்னைக்கு அனுப்பினோம், என்னுடையதையும் சேர்த்து. ஒன்று மட்டும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. உறையைப் பிரித்த குமாஸ்தா என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. ஆதாரில் 'எம்', விண்ணப்பத்தில் 'ஜி'.