மாட்டுமணி ஓசையில் விடிந்த டிசம்பர் 26

இன்று பஹாமாஸில் பாக்ஸிங் டே, அதாவது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடுமுறை. நள்ளிரவு தாண்டியதும், மேளமும் மாட்டுமணியும் முழங்க ஆடிவரும் ஜங்கனூ ஊர்வலத்தைப் பார்க்கத் தலைநகர் நசாவின் பே ஸ்ட்ரீட்டுக்குப் போய்விட்டோம். வீடு திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. காதுக்குள் மாட்டுமணிகள் இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன.

ஜங்கனூ ஊர்வலத்தை நேரில் பார்க்க வேண்டும். அட்டையில் வடிவம் வெட்டி, கிரேப் காகிதத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, வரிசை வரிசையாக ஒட்டிச் செய்த உடைகள். மாதக்கணக்கான உழைப்பு! ஆளைவிடப் பெரிய சிறகுகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆடுகிறார்கள். ஆட்டுத்தோல் மேளங்களை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவதைக் கேட்டதும் எங்கள் ஊர்ப் பறை நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள், கிறிஸ்துமஸையொட்டிக் கிடைத்த சில நாள் ஓய்வில் வளர்த்தெடுத்த கொண்டாட்டம் இது. 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி இரவு முழுவதும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பேரனுடைய குழு வந்ததும் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி எழுந்து, அது கடந்து போகும்வரை ஆடினார். நானும் அவரோடு சேர்ந்து ஆடினேன்.

புத்தாண்டு அதிகாலையில் மறுபடியும் ஊர்வலம் உண்டு. கட்டாயம் போவோம்.